நெருப்பில்லாத சூடு

ஜனவரி 2

இந்த வீட்டில் எங்கேயும் நெருப்பு இல்லை. சமையல் மேடை என்பது ஒரு கறுப்புக் கண்ணாடி. விரலால் தொட்டால் சூடாகிறது. சாமி விளக்குகூட பேட்டரி விளக்குதான். என் கணவர் காளிராஜன் ஆன்லைனில் தேடி வாங்கினார். சுடர் மாதிரியே ஆடுகிறது. பாப்பா தூங்கிவிட்டாள், நான் அந்த வெளிச்சத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பின்லாந்தின் வடக்கே இந்த ஓலு ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதற்கு முன் அடுக்குமாடியில் இருந்தோம். டிசம்பரில் இதழினிக்கு நெஞ்சுச் சளி முற்றி, எட்டு மாதக் குழந்தையை ஆக்சிஜன் குழாயோடு படுக்கவைத்திருந்த நாள்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். அறையின் சூடு ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். புகை ஆகவே ஆகாது. அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் பால்கனியில் நின்று ஊதும் சிகரெட் எங்கள் ஜன்னலுக்குத்தான் வரும். அதனால் ஊர் ஓரத்தில் இந்தச் சின்ன மரவீட்டுக்கு மாறினோம்.

ஹாலில் கதவுக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டி. பார்க்க நம் ஊர் ஏசி மாதிரிதான் இருக்கிறது. ஹீட் பம்ப். பின்பக்கச் சுவரில், வெளியே, அதன் இன்னொரு பாதி பனிக்கு நடுவில் இரும்புக் கால்களில் நிற்கிறது. வெளியே மைனஸ் பதினெட்டு. அந்தக் காற்றிலிருந்துதான் என் மகளுக்குச் சூடு வருகிறது.

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். வெப்பத்தைக் குளிரான இடத்திலிருந்து சூடான இடத்துக்குத் தள்ளலாம் என்று பத்து மார்க்குக்குப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்தேனே தவிர நம்பியதில்லை. இப்போது அந்தப் படம் என் தலைக்கு மேல் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. குழாய்க்குள் ஓடும் அந்தத் திரவம் மைனஸ் ஐம்பதிலேயே கொதித்துவிடுமாம். அப்படியென்றால் இந்தக் குளிர் அதற்கு நம் ஊர் சித்திரை வெயில்.

ஹால் மூலையில் கூரைவரை, விறகு எரிக்கிற செங்கல் கணப்பு ஒன்றும் இருக்கிறது. கண்ணாடி பதித்த இரும்புக் கதவு போட்டது. அதன் முன்னால் பாப்பாவின் பொம்மை அலமாரியை இழுத்துப் போட்டுவிட்டேன். ஏன் என்று காளிராஜன் கேட்கவில்லை.

ஜனவரி 4

அவர் கிளம்பிவிட்டார். ஜப்பானில் செல்போன் டவர் சோதனை, மூன்று வாரம். போகும்போது ஷூவைப் போட்டுக்கொண்டே பாடம் நடத்தினார்.

"இருபத்தொண்ணுல வச்சிருக்கேன் மாரி. ராத்திரி குறைக்கிறது, காலையில கூட்டுறது, அந்த வேலையே வேண்டாம். ஒரே சீரா ஓடட்டும். வெளிய போறப்ப நம்ம ஊர் மாதிரி சுவிட்ச அணைச்சிட்டுப் போயிராத."

"சரி அத்தான்."

"அது மேல துணி காயப்போடாத."

"ஜட்டி காயப்போடற உயரமா அது?"

"பில்டர மட்டும் கழுவிரு. மத்தபடி மூடியக் கழட்டி உள்ள கை விட்ராத. வெளிய இருக்கற பெட்டிய பனி மூடாம பாத்துக்க. அதுக்கு மூச்சு விட எடம் வேணும்."

"வேற ஏதாச்சும்?"

கொஞ்சம் யோசித்தார். எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு பாப்பாவின் நெற்றியை முகர்ந்துவிட்டு, "வேற ஒண்ணுமில்ல" என்றார்.

ஜனவரி 5

ஹாலில் 21. பாப்பா நெஞ்சில் சத்தம் இல்லை.

ஜனவரி 6

பில்டரைக் கழுவினேன். முதலில் ரிமோட்டில் அணைத்து, பிறகு அதற்கான சுவிட்சையும் அணைத்து, நாற்காலி மேல் ஏறி முன்மூடியைத் தூக்கினால் வலை இரண்டும் தானாகக் கையோடு வந்தன. வந்து சேர்ந்த சில நாளுக்குள்ளேயே மஞ்சள் பூத்துப் பிசுபிசுவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். கடுகு, பெருங்காயம், நல்லெண்ணெய். இந்த வீட்டில் சமையலறைக்குச் சுவர் கிடையாது; நான் தாளித்ததையெல்லாம் அது உட்கார்ந்து தின்றிருக்கிறது. வேக்குவம் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவிட்டு மாட்டினேன். காற்று உடனே தாராளமாக வந்தது. மூக்கடைப்பு நீங்கிய குழந்தை மாதிரி.

அம்மா வீடியோவில் வந்தாள். சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மத்தியானம். அவள் நெற்றியில் வியர்வை. எப்போதும் போல வலது கையில் போன், இடது கை முந்தானைக்குள்.

"பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தினா சாம்பிராணி போடணும்டி. சளி எப்படிப் போகும்?"

"புகையே ஆகாதுன்னுட்டாங்கம்மா."

"ஒரு அடுப்பு கெடையாது, ஒரு கரி கெடையாது. பெறகு வீடு எப்படிச் சூடாயிருக்கு?"

"வெளிய இருக்கற காத்துல இருந்து எடுக்குதும்மா."

"அங்க வெளிய ஐஸுன்ன?"

"ஐஸுக்குள்ளயும் சூடு இருக்கும்மா. நமக்குத்தான் அது தெரியாது."

அம்மா பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு, "கேட்டியா காளீஸ்வரி, ஐஸுக்குள்ள சூடு இருக்காம். இவளை காலேஜுக்கு அனுப்பினது போதும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் போனை வைத்த பிறகு வெள்ளைப் பெட்டிக்கு நேர் கீழே போய் முகத்தை அண்ணாந்து வெகுநேரம் நின்றேன்.

ஜனவரி 8

இரவெல்லாம் பனி. எதிர்வீட்டு சன்னா தன் வாசல் பனியைத் தள்ளி முடித்து மண்வெட்டியோடு வந்தாள். என் வயதுதான், டவுன் பஸ் ஓட்டுகிறாள், இரட்டைக் குழந்தைகள். நாங்கள் பேசுவது இரண்டு பேருக்கும் அரைகுறையான இங்கிலீஷ். எழுதும்போது அது எனக்குத் தமிழாகிவிடுகிறது.

"உன் பேர் நெஜமாவே மாரியா? என் நாத்தனார் பேரும் மாரி. அவளுக்குப் பனி தள்ளத் தெரியாது. உனக்கு?"

"எனக்கு மழை பெஞ்சாலே அதிசயம்."

வெளிப்பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் இடம் விட்டுத் தள்ளினோம். அவள் போன பிறகும் நின்று பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. மரம் அசையவில்லை, பறவை இல்லை, வானம் மத்தியானத்திலேயே ஊதா. அந்த வெள்ளைக்குள் அது ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருந்தது. கும்பிடத் தோன்றியது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நாளையிலிருந்து கடும் குளிர் என்கிறார்கள்.

ஜனவரி 9, வெள்ளி

ஹீட் பம்ப் நின்றுவிட்டது. ஐஸ் பிடித்திருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்தேன், திங்கட்கிழமைதான் வருவார்களாம். ஹாலில் 15. வேறொன்றும் எழுத வரவில்லை.

ஜனவரி 10, சனி

நேற்று எழுதியது பாதிதான். மீதியை எழுதாமல் இன்று நடந்ததை எழுத முடியாது.

நேற்றுக் காலை பாப்பாவைக் குளிப்பாட்டி, துடைத்து, கட்டிலில் போட்டுவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொட்டலாம் என்று தூக்கினேன். பின்பக்க ஜன்னலில் வெள்ளையாக ஏதோ புரண்டது. எட்டிப் பார்த்தேன். வெளிப்பெட்டியிலிருந்து புகை. கொஞ்சம் இல்லை, குபுகுபுவென்று, கூரையைத் தாண்டி. விசிறி நின்றுபோயிருந்தது. உள்ளேயிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சத்தத்துக்கு அப்புறம் என்ன வரும் என்று தெரியும். யாரும் யோசிக்க மாட்டோம். கை கால் தானாக நடக்கும். மெயின் சுவிட்சை இறக்கினேன். செருப்புகூடப் போடாமல் பனியில் ஓடி, கையிலிருந்த தொட்டித் தண்ணீரை அப்படியே அதன் தலையில் ஊற்றினேன். திரும்பி ஓடி வாளியில் பிடித்து வந்து மறுபடி ஊற்றினேன். புகை அடங்கிற்று.

அடங்கிய பிறகுதான் பார்த்தேன். ஊற்றிய தண்ணீர் வழியவே இல்லை. விழுந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகடுகளுக்கு நடுவில், விசிறியின் இறக்கைகளில், கம்பிக் கூட்டின் ஒவ்வொரு கண்ணிலும் கண்ணாடி மாதிரி இறுகியது. மைனஸ் இருபத்திநாலில் தண்ணீர் தண்ணீராக இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிஷம் தெரியவில்லை.

தீயும் இல்லை, கருகல் வாசனையும் இல்லை. சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். விசிறி திரும்ப முயன்று, ஐஸில் உரசி, எலும்பு நறநறவென்று அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். ரிமோட்டில் பதறி அணைத்தேன்.

கம்பெனிப் பெண் போனில் பொறுமையாகக் கேட்டாள். "ஐஸ் பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னேன். "போடாதீங்க. கத்தி, சுத்தியல் எதுவும் வச்சுக் கொத்தாதீங்க, குழாய் ஓட்டையாயிரும். சுடுதண்ணி ஊத்தாதீங்க" என்றாள். இந்தக் குளிரில் ஊரில் பாதி வீட்டிலிருந்து அழைப்பாம். "வீட்ல கணப்பு இருக்கா? அப்ப அதை மூட்டிக்கங்க" என்று அவள் சொன்னதற்கு, "ம்" என்றேன்.

காளிராஜனுக்குச் சொல்லவில்லை. "எல்லாம் நல்லா ஓடுது" என்று மெசேஜ் போட்டேன்.

வீட்டில் இருப்பது சின்ன மின்சார ஹீட்டர் ஒன்றுதான். படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகியிருந்தேன்; தொட்டால் பிளக் கொதித்தது. பிடுங்கிவிட்டுச் சுவரிலேயே நேராகச் சொருகினேன், திரைச்சீலையை எட்டக் கட்டினேன். இருந்தும் காலையில் அறை 16, ஹால் 11. பாப்பாவின் மூக்கு நுனி சில்லென்று. அப்புறம் அந்த இருமல். டிசம்பரில் கேட்ட அதே வறட்டு இருமல்.

சன்னாவுக்குப் போன் செய்தேன். உடனே ஓடி வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்று கொண்டாள்.

"என் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல், சளி. நான் உள்ள வந்தா உன் பிள்ளைக்கு ஒட்டிக்கும். என் வீட்டுக்கும் உன்னைக் கூப்பிட முடியல" என்றாள் போனில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைவதும் என் காதில் குரல் விழுவதும் கொஞ்சம் முன்பின்னாக இருந்தது. "ஆனா உனக்கென்ன கவலை? இவ்வளவு பெரிய கணப்பு இருக்கே."

"அது வேண்டாம்."

"கெட்டுப் போச்சா?"

"இல்ல. இலையுதிர் காலத்துலதான் புகைபோக்கியச் சுத்தம் பண்ணினாங்களாம், வீட்டு ஓனர் சொன்னார்."

"அப்புறம்?"

"புகை... பிள்ளைக்கு ஆகாது."

"கதவு போட்ட கணப்பு. ஒழுங்கா மூட்டினா உள்ள ஒரு நூல் புகை வராது. மாரி, இன்னைக்கு ராத்திரி மைனஸ் இருபத்தேழு."

அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி என்னை உற்றுப் பார்த்தாள். மேலே எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னச் சறுக்குவண்டி நிறைய வெள்ளை மரப்பட்டை விறகை இழுத்து வந்து வாசலில் இறக்கினாள். அதன் மேல் ஒரு தீப்பெட்டியை வைத்தாள். கையுறையோடு ஜன்னலில் ஒரு தட்டு தட்டி, "கூப்பிடு, நின்னுக்கிட்டே சொல்றேன்" என்று சைகை காட்டிவிட்டுப் போனாள்.

விறகை எடுத்து உள்ளே வைத்தேன். தீப்பெட்டியைக் கையால் தொடாமல் குப்பை அள்ளும் முறத்தில் தள்ளி எடுத்து வந்தேன். சிரிப்புத்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து இரவு சாப்பாடுவரை தீப்பெட்டிக்குத் தாள் ஒட்டிய கை இது. பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மதுரை ஆஸ்பத்திரித் தீக்காய வார்டு வராந்தாவில். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பெட்டி ஒட்டவில்லை.

மத்தியானம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அறையில் 15. பாப்பா இருமினாள், இருமினாள், பிறகு இருமக் களைத்து என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். விலா எலும்பின் இடைவெளிகள் உள்ளே போயின. நர்ஸ் சொல்லிக் கொடுத்த அடையாளம் அது. இன்னும் கொஞ்சம் கூடினால் ஆம்புலன்ஸ்.

அம்மாவைக் கூப்பிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்வாள், அதைக் கேட்கலாம் என்றுதான் இருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஊற்றியதையும். அம்மா திட்டவில்லை.

"நானா இருந்தாலும் ஊத்தியிருப்பேன்" என்றாள்.

"கணப்பு மூட்டச் சொல்றாம்மா எதுத்த வீட்டுக்காரி."

"மூட்ட வேண்டியதான?"

"அம்மா, நீயா சொல்ற?"

"பெறகு வேற யார் சொல்வா?" போனை எதன் மேலோ சாய்த்து வைத்தாள். படம் ஆடி நின்றது. "எப்படி வெறகு அடுக்கணும்னு அவ சொன்னாளா? நெருக்கி அடுக்காத. காத்து போக வழி வேணும். இப்படி." இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துக் காட்டினாள். முந்தானை நழுவியது. அவள் அதை இழுத்துவிடவில்லை. வெந்து ஒட்டிப்போன அந்த விரல்களை நான் முழுசாகப் பார்த்து எத்தனை வருடம் இருக்கும்.

"பயமா இருக்கும்மா."

"இருக்கட்டும். பயம் போன பெறகு பத்தவைக்கலாம்னு இருந்தா பிள்ளை வெறச்சிரும். பயந்துக்கிட்டே பத்தவை. பயந்தவதான் கவனமாப் பத்தவைப்பா."

பொம்மை அலமாரியை இழுத்துத் தள்ளினேன். கம்பளத்தைச் சுருட்டினேன். நைலான் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டை போட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, அது ஊர்ப் பழக்கம். பாப்பாவை ஹாலின் மறுகோடியில் உயர நாற்காலியில் பெல்ட் போட்டு உட்காரவைத்துப் போர்த்தினேன். சன்னாவைக் கூப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"முதல்ல மேல இருக்கற இரும்புத் தகட்டை இழு. முழுசா. புகை போற வழி அதுதான். இழுத்தாச்சா? உள்ள கைய நீட்டிப் பாரு, காத்து மேல இழுக்குதா?"

"இழுக்குது."

"வெறகு அடியில. சுள்ளி மேல. அதுக்கும் மேல மரப்பட்டை. மேல இருந்து பத்தவை, கீழ இருந்து இல்ல. அப்பதான் புகை வராது."

முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது உரசவே இல்லை. சன்னா கண்ணாடிக்கு அப்பால் ஏதோ கோமாளித்தனமாக வாயைப் பிதுக்கி ஊதிக் காட்டினாள். அடுத்த குச்சி பற்றியது. அந்த வாசனை. கந்தகமும் மரமும் சேர்ந்த, எங்கள் தெரு முழுக்க அடித்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் பின்னால் போனது. கையை மட்டும் முன்னாலேயே வைத்திருந்தேன். பட்டையின் ஓரத்தில் வைத்தேன். பட்டை சுருண்டு, மஞ்சளாகி, சடசடவென்று எரிந்தது. இரும்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். கதவின் கண்ணாடியில் வெளிச்சம் நிறைந்தது. ஹாலுக்குள் ஒரு நூல் புகை இல்லை.

திரும்பிப் பார்த்தேன். பாப்பா இருமவில்லை. வாய் திறந்திருந்தது. கண் கொட்டவில்லை. அப்போதுதான் உறைத்தது: என் மகள் பிறந்ததிலிருந்து நெருப்பையே பார்த்ததில்லை. ஒரு மெழுகுவர்த்தியைக்கூட நான் காட்டியதில்லை. அவளுக்கு அது எந்த ஊரும் இல்லை, எந்த ஆஸ்பத்திரியும் இல்லை. ஆடுகிற ஒன்று. தானே நிறம் மாறுகிற ஒன்று. இரண்டு கையையும் போர்வையிலிருந்து உருவி நாற்காலிப் பலகையில் தட்டி, "ஆ" என்றாள். மறுபடி இன்னும் பெரிதாக, "ஆ!" சன்னா ஜன்னலுக்கு வெளியே அதே மாதிரி "ஆ" என்றாள்.

அவள் பார்ப்பதையே நானும் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது. இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சன்னா போகுமுன் கண்டிப்பாகச் சொன்னது: கரி முழுக்கக் கறுத்து அடங்கும்வரை தகட்டை மூடக் கூடாது. சிவப்பு தெரிந்தாலும் சரி, நீலமாக ஏதாவது ஆடினாலும் சரி. "அந்த வாயுவுக்கு வாசனை இல்ல, நெறம் இல்ல. தூக்கத்துலயே ஆளை முடிச்சிரும்." நான் இன்றிரவு மூடப் போவதே இல்லை. கொஞ்சம் சூடு மேலே போனால் போகட்டும்.

ஜனவரி 11

நெருப்பு எப்போதோ அணைந்துவிட்டது. செங்கல் இன்னும் சுடுகிறது. ஹாலில் 19. காலையில் பாப்பாவும் நானும் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். நர்ஸுக்குப் போன் செய்து மூச்சைப் பற்றிச் சொன்னேன். விலா உள்ளே போகவில்லை என்றால் வீட்டிலேயே இருக்கலாம் என்றாள். போகவில்லை. இருமல் இரண்டொன்று.

மாலையில் மறுபடி மூட்டினேன். ஒரே குச்சி.

ஜனவரி 12, திங்கள்

தீமோ என்று ஒருவர் வந்தார். நல்ல உயரம், நிறையப் பேச்சு, வந்ததும் காபி கேட்டார். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வெளிப்பெட்டியைச் சுற்றி ஒரு தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி கட்டி, வெதுவெதுப்பான காற்றை உள்ளே ஊதவிட்டு உட்கார்ந்தார். ஐஸ் இளகத் தொடங்கியதும் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பல வருஷமா இந்த வேலை பாக்கறேன். மஞ்சள் ஐஸை இன்னைக்குத்தான் பாக்கறேன். நாய் வளக்கறீங்களா?"

"இல்ல... அது பாசிப்பயறு மாவு."

"பயறா? மெஷினுக்கா?"

"பாப்பா குளிச்ச தண்ணி. புகை வந்துச்சு. தீன்னு நெனச்சு ஊத்திட்டேன்." கேட்டதற்கு மேலாகவே கொட்டிவிட்டேன். முகம் எரிந்தது.

அவர் சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "பாவம், அது அப்பத்தான் தன் மேல இருந்த உறைபனிய உருக்கிக்கிட்டு இருந்திருக்கும். விசிறிய நிறுத்திட்டு, வீட்டுக்குள்ள இருந்து கொஞ்சம் சூட்டைத் திருப்பி வாங்கிக்கும். நீங்க பாத்தது ஆவி. குளிர்ல அது புகை மாதிரியே எழும்பும். இங்கயே பொறந்தவங்க தீயணைப்புக்குப் போன் பண்ணியிருக்காங்க. ஆவி வந்தா விட்டுருங்க, தானா நிக்கும். கருகின வாசனை வந்தா மட்டும் மெயினை அணைச்சிட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போய் எங்களைக் கூப்பிடுங்க. தண்ணி மட்டும் வேண்டாம். பயறும் வேண்டாம்."

விசிறியில் ஒரு இறக்கை விரிசல் விட்டிருந்தது. மாற்றினார். ஒரு சின்னக் கருவியைக் குழாய் ஓரமெல்லாம் நகர்த்தி வாயு கசியவில்லை என்று பார்த்தார். மின்சாரம் கொடுத்த பிறகும் சில மணி நேரம் அதை ஓட்டவேண்டாம், உள்ளே எண்ணெய் சூடாகட்டும் என்றார்.

சாயங்காலம் ரிமோட்டை அழுத்தினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பெட்டியின் இதழ் மெல்லத் திறந்தது. கையை உயர்த்தினேன். சூடு.

வீட்டுக்குள்ளிருந்து சூட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுமாமே! அது எப்படி எனக்குத் தெரியாமல் போனது. எங்களுக்குக் கொடுப்பதற்காக, எங்களிடமே கொஞ்சம் கடன் கேட்டிருக்கிறது. நான் அதன் தலையில் தண்ணீரைக் கொட்டியிருக்கிறேன்.

ஜனவரி 13

காளிராஜனிடம் சொல்லிவிட்டேன். தொட்டியிலிருந்து தீக்குச்சிவரை.

போனில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"நெருப்பா? நீயா?"

"நான்தான்."

"மாரி... ஆவி வரும்னு எனக்குத் தெரியும். வீட்டு ஓனர் காட்டினார். கெளம்பறப்ப சொல்ல வந்தேன். புகை மாதிரின்னு சொன்னா நீ தூங்க மாட்டன்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பேட்டரி விளக்கைப் பார்த்தேன். இந்த வீட்டைத் தேடித் தேடி அவர் பிடித்தது, கறுப்புக் கண்ணாடி அடுப்பு, அலமாரியை எங்கே இழுத்துப் போட்டாலும் கேட்காமல் இருப்பது, எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது.

"இனிமே சொல்லிருங்க அத்தான். நான் பயந்துக்கறேன். பயப்படறது என் வேலை. நீங்க சொல்லிருங்க."

"டிக்கெட்டை மாத்திட்டு வந்துரட்டுமா?"

"வேண்டாம். வேலைய முடிச்சிட்டு வாங்க. வர்றப்ப சன்னா பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் பொம்மை வாங்கிட்டு வாங்க."

ஜனவரி 14

சன்னா வீட்டில் காய்ச்சல் இறங்கிவிட்டது. வாசலில் பாயசக் கிண்ணத்தை வைத்துவிட்டு மணியடித்து ஓடி வந்தேன். 'இது என்ன, சூடான ஐஸ்கிரீமா?' என்று மெசேஜ்.

ஜனவரி 16

மைனஸ் இருபத்தொன்பது. இங்கே வந்த பிறகு நான் பார்த்த பெரிய குளிர் இதுதான். மத்தியானம் பாப்பாவைப் பின்பக்க அறைக் கட்டிலில் தூங்கவைத்துவிட்டு, மெத்தென்ற துடைப்பத்தோடு வெளியே போனேன். சூரியன் மரங்களின் இடுப்பளவுக்கு வந்து அங்கேயே நின்றது. மூச்சு விட்டால் காதோரம் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். விட்ட மூச்சு உறைகிற சத்தமாம் அது.

பெட்டியின் மேலிருந்த பனியைத் துடைத்தேன். காலடியில் சேர்ந்ததைத் தள்ளினேன். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என்னவோ தோன்றி, கையுறையைக் கழற்றி, கம்பிக்கூட்டிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி, வெளியே வரும் காற்றில் உள்ளங்கையைக் காட்டினேன்.

இந்த உலகத்தில் இதைவிடக் குளிர் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காற்று அதைவிடக் குளிராக இருந்தது. மைனஸ் இருபத்தொன்பதிலிருந்தும் கறந்து எடுத்துக்கொண்டு, மீதியை அது வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தது இதைத்தான். தோலில் அது வேறு மாதிரி இருக்கிறது. கண்ணில் நீர் வந்து இமையில் ஒட்டிக்கொண்டது.

கையை இழுக்காமல் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். என் கையில் பட்ட காற்றில் இருந்திருக்க வேண்டிய சூடு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், போர்வையையும் காலுறையையும் உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கும் என் மகளின் வெறும் பாதத்தில் இருந்தது.